சும்மா சார்

போன வாரக் கதையில் மகிழினியைப் பாதிப் பின்னலோடு நிற்க வைத்துவிட்டு நான் நழுவிவிட்டேன் என்று உங்களில் பல பேருக்கு என் மேல் கோபம். பின்னலைப் பாட்டி கெங்கம்மா போட்டு முடித்துவிட்டாள். குழந்தையும் நேரத்தோடு பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது. அவளைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது அவளுடைய அம்மாவைப் பற்றித்தான்.

பெற்ற மகளுக்குத் தலை பின்ன முடியாமல் மதி அன்று பாதியிலேயே ரிப்பனைக் கீழே போட்டுவிட்டாள். வலது கை விரல்கள் மடங்க மாட்டேன் என்றன. மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது.

கணவன் அசோகன் மஞ்சள் காமாலையில் போன பிறகு, அவன் வேலை பார்த்த எர்ணாவூர் கன்டெய்னர் யார்டிலேயே அவளுக்கு டைப் அடிக்கிற வேலை போட்டுக் கொடுத்தார்கள். கப்பலில் வந்து இறங்கும் பெட்டிகளின் நம்பர்களைக் காகிதத்தில் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். காலையில் உட்கார்ந்தால் சாயந்திரம் வரை நம்பர், நம்பர், நம்பர்தான். அடித்து அடித்தே கை இப்படி ஆயிற்று. "டைப் அடிக்கிறதை நிறுத்தும்மா, இல்லேன்னா ஆபரேஷன்லதான் கொண்டுபோய் விடும்" என்று ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார். நிறுத்திவிட்டு வேறு என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. அது அவர் வேலையும் இல்லை.

அதே யார்டில்தான் அசோகனின் தம்பி பீம்ராவும் வேலை பார்க்கிறான். சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். மேனேஜரிடம் நடையாய் நடந்து அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் மதி.

"எம் புள்ள சர்வரப் பாத்துக்கறான்" என்று கெங்கம்மா வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீடுகளில் மாடி மாடியாகச் சொல்லி வைத்திருந்தாள். அதைக் கேட்டவர்கள் எல்லோரும் பையன் ஏதோ ஓட்டலில் இட்லி பரிமாறுகிறவர்களுக்கு மேஸ்திரியாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். "எந்த ஓட்டலு கெங்கம்மா? பார்சல்ல சாம்பாரு சேத்து ஊத்தச் சொல்லு" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். அன்றிலிருந்து கெங்கம்மா அந்த மாடிக்குப் போவதில்லை.

யார்டில் அவனுக்கு வேறு பெயர். சும்மா சார்.

சர்வர் ஒழுங்காக ஓடினால் அதைப் பார்த்துக்கொள்கிறவனுக்குக் கையில் வேலை இருக்காது. அவன் சும்மா இருக்கிறான் என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இதை டிரெய்லர் டிரைவர்களுக்கு யார் புரிய வைப்பது? வெயிலில் வெந்து வருகிற அவர்கள் கண்ணுக்கு ஏசி அறையும் நாற்காலியும் மட்டும்தான் தெரிந்தன. "சும்மா சார், கதவத் தெற. கொஞ்சம் குளுந்த காத்து குடிச்சிட்டுப் போறோம்" என்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே திறந்து விடுவான்.

அவனுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடியே காலத்தை ஓட்டினாராம். பீம்ராவ் சீட்டைத் தொடவில்லை. மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த புரோகிராமிங் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து, சும்மா இருந்த நேரமெல்லாம் அதை வைத்து எதையோ எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். என்ன எழுதுகிறான் என்று யாரிடமும் சொல்லவில்லை. மதியிடம் கூடச் சொல்லவில்லை.

போன வாரம் அவிழ்ந்த அந்தப் பின்னலைப் பார்த்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை. இந்த மாதம் மின்சாரத்தை நிறுத்தும் ஷட்டவுன் நாளிலேயே வேலையை முடித்துவிடுவது என்று முடிவு செய்தான். அந்த நாளும் வந்துவிட்டது.

*

"ரெண்டு டப்பாலயும் முட்டை வெச்சிகீறேன். மாத்தி எடுத்துகினு பூடாத, ஒன்னுது காரம்" என்றாள் மதி.

"அண்ணி, இன்னிக்கி யார்டுல கரன்ட் கெடையாது. பேசாம லீவு போட்டுட்டு வூட்ல படு."

"மத்தவங்க வந்து குந்தினு இருக்கசொல்லோ நான் மட்டும் வூட்ல படுக்கறதா? நல்லாருக்கும்."

கெங்கம்மா சுவரில் இருந்த புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். அதன் பக்கத்தில் அசோகனின் படம். திரும்பாமலே கேட்டாள். "கரன்ட் இல்லாங்காட்டி ஒன் சர்வரு இன்னா பண்ணும்?"

"ஜெனரேட்டர்ல அது மட்டும் ஓடும்மா. வேற யாரும் வேல செய்ய மாட்டாங்க. பெரிய வேல எதுனா செய்யணும்னா இந்த மாரி நேரத்துலதான் செய்யணும்."

"அப்ப எல்லாரும் வேல செய்யசொல்லோ நீ சும்மா இருப்ப. எல்லாரும் சும்மா இருக்கசொல்லோ நீ வேல செய்வ. நல்ல உத்தியோகம்டா!"

மதி சிரித்தாள். பீம்ராவும் சிரித்தான். அண்ணி சிரித்து நாளாயிற்று என்று அவன் நினைத்துக்கொண்டான். சாயந்திரம் இதைவிடப் பெரிதாகச் சிரிக்கப் போகிறாள் என்றும் நினைத்தான்.

ஷேர் ஆட்டோவில் டோல்கேட் வந்து, எண்ணூர் பஸ் பிடித்தார்கள். ஜன்னல் ஓரம் மதி. வலது மணிக்கட்டில் அவள் இறுக்கிச் சுற்றியிருந்த பேண்டேஜ் துணி துவைத்துத் துவைத்துப் பழுப்பேறிப்போயிருந்தது. திருவொற்றியூர் தாண்டியதும், வழக்கம்போல அவள் அதை மெதுவாக அவிழ்த்தாள். சுருட்டிச் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்தாள்.

"கட்டிகினே இருந்தா இன்னா அண்ணி? டெய்லி கய்ட்டிடறியே?"

"வேர்த்து வேர்த்து அரிக்குதுப்பா."

அவனும் நம்பினான். நம்பாமல் இருக்க அவனுக்கு ஒரு காரணமும் இல்லை.

*

ஒன்பது மணி வாக்கில் மின்சாரம் போயிற்று. யார்டு ஆபீசில் ஃபேன்கள் ஒவ்வொன்றாக நின்றன. டைப் அடிக்கும் பெண்கள் மூன்று பேர்: மதி, ராயபுரத்திலிருந்து வரும் ஹில்டா, ஷரீஃபுன்னிசா. மூவரும் புழுக்கம் தாங்காமல் கேன்டீன் நிழலுக்குப் போய்விட்டார்கள். பின்பக்கம் ஜெனரேட்டர் உறும, சர்வர் அறையில் பீம்ராவ் தனியாக உட்கார்ந்தான்.

அவன் எழுதியிருந்தது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. பெட்டி நம்பர்களின் பட்டியலைக் கப்பல் கம்பெனி ஈமெயிலில் அனுப்பும். அதை இங்கே பிரின்ட் எடுப்பார்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்து இந்தப் பெண்கள் மறுபடியும் கம்ப்யூட்டரில் அடிப்பார்கள். கம்ப்யூட்டரிலிருந்து காகிதத்துக்கு, காகிதத்திலிருந்து திரும்பக் கம்ப்யூட்டருக்கு. நடுவில் கிடந்து தேய்ந்தது மதியின் மணிக்கட்டு. நடுவில் காகிதமே வேண்டாம், வந்த பட்டியல் தானாகவே சர்வரில் ஏறட்டும். அவ்வளவுதான் அவன் செய்தது.

முதலில் பழைய விவரங்களுக்கெல்லாம் ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தினான். பிறகு புரோகிராமைச் சர்வரில் ஏற்றினான். போன வாரம் வந்த ஒரு கப்பலின் பட்டியலைக் கொடுத்து ஓடவிட்டுப் பார்த்தான். மதியும் மற்றவர்களும் அடித்து வைத்திருந்ததோடு ஒப்பிட்டான். ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தியது.

அவனுக்குக் கண் கலங்கியது. உடனே ஓடிப் போய் அண்ணியிடம் சொல்லத் தோன்றியது. ஆனால் மேனேஜர் சரி என்று சொல்லாமல் எதையும் நடைமுறைக்குக் கொண்டுவர முடியாதே. மேனேஜர் தாமோதரனை அழைத்து வந்தான்.

தாமோதரன் கெட்ட மனிதர் அல்ல, இதை முன்பே சொல்லிவிடுகிறேன். அசோகன் போனபோது வியாசர்பாடி மாடிப்படி ஏறி வந்து துக்கம் கேட்டவர் அவர்தான். இப்போது கையில் டீ கிளாசோடு பீம்ராவின் முதுகுக்குப் பின்னால் நின்றார். திரையில் ஒரு முழுக் கப்பலின் பெட்டிகள் வரிசை வரிசையாக ஏறி முடிந்தன. அவருடைய டீ இன்னும் ஆறவில்லை.

"மறுபடி ஓட்டு" என்றார்.

ஓட்டினான்.

"தப்பு வராதா?"

"வராது சார். வந்தா சிவப்புல காட்டும். அத மட்டும் ஒருத்தர் பாத்து சரி பண்ணா போதும். இனிமே யாரும் குந்தினு நாள் பூரா அடிக்க வேணாம் சார்."

"பிரமாதம்ப்பா. யார் சொல்லி இதைச் செஞ்சே?"

"யாரும் சொல்லல சார். சும்மா இருக்கற நேரத்துல எய்தினேன்."

தாமோதரன் அவன் தோளைத் தட்டினார். "இனிமே எவனாவது உன்னைச் சும்மா சார்னு கூப்பிட்டா என்கிட்ட சொல்லு. ஆனா திடீர்னு இந்த யோசனை எப்படி வந்துச்சு?"

இந்த இடத்தில் பீம்ராவின் வாயைப் பொத்திவிடலாமா என்று எனக்கே இருக்கிறது. ஆனால் அவன் இருந்த சந்தோஷத்தில் யார் தடுத்தும் நின்றிருக்க மாட்டான். மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைக் கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

"அண்ணிக்காகத்தான் சார். அவங்க கை படா பேஜாரா கீது சார். மணிக்கட்டு இம்மாம் பெருசு வீங்கிக்குது. வெரல மடக்க முடியல. பாப்பாவுக்குத் தல கூட பின்ன முடியல சார். அடிக்கறத நிறுத்தலன்னா ஆபரேஷன்னு ஸ்டான்லில சொல்லிட்டாங்க. அதான்..."

"ஆபரேஷன் வரைக்குமா? எனக்குத் தெரியவே தெரியாதே!"

"யாராண்டயும் சொல்ல மாட்டாங்க சார். அவங்க கொணம் அப்டி."

தாமோதரன் டீ கிளாசை மேசையில் வைத்தார். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு, பாரிமுனைத் தலைமை ஆபீசோடு பேச வெளியே போனார். பேசிக்கொண்டே பெட்டி அடுக்குகளுக்கு நடுவே ரொம்ப தூரம் நடந்தார்.

*

கேன்டீன் நிழலில் மூன்று பெண்களும் சாப்பாட்டைப் பிரித்திருந்தார்கள். பீம்ராவ் போய் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

"இன்னா சும்மா சார், ரெண்டு கிலோ சிரிப்பு சிரிச்சிகினு வர்றீங்கோ?" என்றாள் ஷரீஃபுன்னிசா.

"கரன்ட் வரட்டும்க்கா, சொல்றேன்."

"பொண்ணு கிண்ணு பாத்துட்டியா?" இது ஹில்டா.

"கரன்ட் வரட்டும்."

மதி டப்பாவிலிருந்து அவித்த முட்டையை எடுத்தாள். உரிக்கப் பார்த்தாள். முட்டை விரல்களிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. மற்ற இருவரும் பார்ப்பதற்குள் அவள் சட்டென்று அதைப் பீம்ராவ் பக்கம் தள்ளினாள். "நீயே உரிச்சிக்க. எனக்கு வேணாம், வவுறு சரியில்ல."

அவன் உரித்து, பாதியை அவள் டப்பாவிலேயே வைத்தான். அவள் அவனைப் பார்த்தாள். மகனைப் பார்ப்பதுபோல என்று சொன்னால் மிகை இல்லை. அசோகன் அவளைக் கட்டிக்கொண்டு வந்தபோது இந்தப் பீமு அரை டிராயரோடு திரிந்த பையன். அவனுக்குச் சட்டைப் பித்தான் தைத்துக் கொடுத்த கை அது.

இன்னும் கொஞ்ச நேரம். கரன்ட் வந்ததும் அண்ணியை நாற்காலியில் உட்கார வைத்து, கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார் என்று சொல்ல வேண்டும். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான்.

கரன்ட் வந்தது. ஆபீசுக்குள் ஃபேன்கள் சுற்றத் தொடங்கின. கூடவே பியூனும் வந்தான். "டைப்பிங் மேடங்க மூணு பேரையும் மேனேஜர் கூப்புடறாரு."

நல்ல சேதியை அவரே சொல்லப்போகிறார் போல என்று பீம்ராவுக்குச் சின்ன ஏமாற்றம். பரவாயில்லை என்று சர்வர் அறை வாசலில் நின்றுகொண்டான். அங்கிருந்து மேனேஜர் அறையின் கண்ணாடித் தடுப்பு தெரியும், உள்ளே பேசுவது கேட்காது.

தாமோதரன் பேசிக்கொண்டிருந்தார். ஹில்டா முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷரீஃபுன்னிசா எதையோ கேட்டாள். மதி நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுடைய வலது கை மெதுவாக முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது. அதைப் பார்த்தபோதுதான் இது நல்ல சேதி இல்லை என்று பீம்ராவுக்கு உறைத்தது.

மூவரும் வெளியே வந்தார்கள். மதி அவனைக் கடந்து போய்த் தன் மேசையில் உட்கார்ந்தாள். பீம்ராவ் மேனேஜர் அறைக்கு ஓடினான்.

"சார், இன்னா சார் சொன்னீங்க?"

"உட்காருப்பா. தலைமை ஆபீஸ்ல உன்னை ரொம்பப் புகழ்ந்தாங்க. நீயே சொல்லிட்டே, இனிமே யாரும் உட்கார்ந்து அடிக்க வேண்டாம்னு. அப்புறம் மூணு பேர் எதுக்குன்னு கேக்கறாங்க. ஹில்டாவைப் பாரிமுனைக்கு போன் எடுக்க அனுப்பறோம். சரி பார்க்க ஒருத்தர் போதும். ஷரீஃபுன்னிசா இருப்பாங்க."

"அண்ணிதான சார் சீனியர்?"

"ஆமாம். மதியைத்தான் வெச்சிக்கணும்னு நானும் நினைச்சேன். ஆனா ஆபரேஷன் வரைக்கும் வந்த கைன்னு நீதானேப்பா சொன்னே? தெரிஞ்சுக்கிட்டே எப்படி வேலையில வெச்சிருக்கறது? நாளைக்குக் கை மொத்தமா போயிடுச்சுன்னா கம்பெனிதான் பதில் சொல்லணும். அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வீட்ல இருந்து கையைப் பார்த்துக்கட்டும். உனக்குத்தான் வேலை இருக்கே."

"சார், நான் அதுக்காவ சொல்லல சார். அவங்க வேல போவறதுக்கா நான் எய்தினேன்? அந்தப் புரோகிராமே வேணாம் சார். எடுத்துடறேன்."

"அது இனிமே உன்னுது இல்லப்பா" என்றார் தாமோதரன். கனிவாகத்தான் சொன்னார். "போய் அவங்க பேரைச் சிஸ்டத்துலேர்ந்து எடுத்துடு. வேலையை விட்டவங்க பேரு உள்ளே இருக்கக் கூடாது, நீதானே ரூல் போட்டே."

*

சர்வர் அறையில் மதியின் பெயர் திரையில் இருந்தது. அழிக்கவா வேண்டாமா என்று கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டிருந்தது. பீம்ராவ் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கதவு திறந்தது. மதி.

"அது எப்டி அடிக்குதுன்னு காட்டு."

"அண்ணி..."

"காட்டு பீமு. பாக்கணும்."

ஓட்டினான். நம்பர்கள் ஓடி முடிந்தன. மதி குனிந்து கடைசி வரியைப் பார்த்தாள். அவள் பல நாள் உட்கார்ந்து அடித்த கப்பல் அது.

"நல்லாத்தான் அடிக்குது" என்றாள். "கை வலிக்காம."

"ஒனக்காவத்தான் அண்ணி எய்தினேன். சத்தியமா. நீ சும்மா குந்தினு சரி பாத்தா போதும்னு..."

"தெர்யும். வேற யாருக்காவ எய்துவ நீ?" அவள் திரையை விட்டு அவன் பக்கம் திரும்பினாள். "என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல? என் கை விசயம் இந்த கேட்டுக்குள்ள ஒர்த்தருக்கும் தெர்யாது பீமு. ஹில்டாவுக்குத் தெர்யாது. ஷரீஃபுக்காவுக்குத் தெர்யாது. எம்மா நாளு... வலிச்சா பாத்ரூம்ல போயி அயுதுட்டு வந்து அடிப்பேன். தெர்ஞ்சா நிறுத்திடுவாங்கன்னு தெர்யும் எனக்கு."

பஸ்ஸில் அவிழ்த்துச் சுருட்டிய பேண்டேஜ் துணி அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. வேர்த்து அரிக்கவில்லை. தினமும் அவன் கண்ணெதிரேதான் அவிழ்த்தாள். ஒரு நாளாவது அவன் யோசித்திருக்கலாம். கம்ப்யூட்டருக்கு உள்ளே எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்குப் பக்கத்து சீட்டில் இருந்தது தெரியாமல் போயிற்று.

அவன் அழுதான். வாய்விட்டு அழுதான். மதி இடது கையால் அவன் தலையைத் தொட்டாள். கோபம் அவளுக்கு இல்லாமல் இல்லை. இருந்தது. ஆனால் அதை அவன் மேல் காட்ட அவளால் முடியவில்லை. அது அவளுக்கு இன்னும் பெரிய வேதனை.

"எம் பேர எடுத்துடு. நீ எடுக்கலன்னா ஒன் வேலயும் போவும். அப்பால எல்லாரும் இன்னா பண்றது?"

"என்னால முடியல அண்ணி."

"தள்ளு."

அவள் குனிந்து, வீங்கிய விரலாலேயே அழிக்கும் பட்டனை அழுத்தினாள். அந்த ஆபீஸில் அவள் கடைசியாக அடித்தது அதுதான்.

*

வீட்டுக்கு வந்ததும் மதி செய்த முதல் காரியம் இது. செருப்பைக் கழற்றாமலே, "அத்தே, ஒம் புள்ளைய இன்னிக்கி மேனேஜர் படா புகழ்ந்துட்டாரு. பாரிமுனை ஆபீஸ் வரிக்கும் இவன் பேச்சுதான்" என்றாள்.

"மெய்யாலுமா!" கெங்கம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னாடா பண்ண?"

பீம்ராவ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மதியே பதில் சொன்னாள். "சும்மா இருக்கசொல்லோ ஒன்னு எய்தினானாம். இனிமே யாரும் கஷ்டப்பட்டு அடிக்க வேணாம்."

"அப்ப ஒன் கைக்கும் ரெஸ்ட்டுன்னு சொல்லு!"

"ஆமா அத்தே. ரெஸ்ட்டுதான்."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. பாதியை மட்டும் சொன்னாள், அவ்வளவுதான். கெங்கம்மா அசோகன் படத்தைப் பார்த்து, "கேட்டியா நைனா, ஒந்தம்பி ஒம் பொண்டாட்டி கையக் காப்பாத்திட்டான்" என்றாள். பிறகு, போவதில்லை என்று சபதம் போட்டிருந்த அந்த மாடிக்கே ஏறிப் போனாள். சர்வர் என்றால் ஓட்டல் சர்வர் இல்லை என்று இன்று அடித்துச் சொல்லிவிட்டுத்தான் வருவாள்.

மகிழினி சீப்பை எடுத்துக்கொண்டு வந்து அம்மா முன்னால் உட்கார்ந்தாள். "அம்மா, கை சரியாயிடுமாமே? ஆயா சொல்லிச்சு. நாளைக்கி நீதான் பின்னணும்."

மதி சீப்பை வாங்கிக்கொண்டாள். குழந்தையின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, பின்னாமல், வெறுமனே கோதிக்கொண்டே இருந்தாள். பீம்ராவால் அங்கே நிற்க முடியவில்லை. பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில் போகும் சத்தம் கேட்கும் மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

*

மறுநாள் காலை மதி வழக்கம்போல எழுந்தாள். வழக்கம்போல இரண்டு டப்பா கட்டினாள். "ஒன்னுது காரம், மாத்தி எடுத்துகினு பூடாத" என்றாள். கெங்கம்மா மாடிப்படி வரைக்கும் வந்து கையாட்டினாள்.

படியில் இறங்கும்போது பீம்ராவ் மெதுவாகக் கேட்டான். "அண்ணி, நீ எங்க வர்ற? அம்மாவாண்ட சொல்லிடலாம்."

"சொல்ல வேணாம். நட."

ஷேர் ஆட்டோ. டோல்கேட். எண்ணூர் பஸ். ஜன்னல் ஓரம் மதி. திருவொற்றியூர் தாண்டியது. அவள் பையைத் திறக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யார்டுக்குள் போய் மேனேஜரிடம் கெஞ்சப் போகிறாளா, கேட்டுக்கு வெளியே நிற்கப் போகிறாளா என்று அவன் மனம் அடித்துக்கொண்டது. எர்ணாவூர் ஸ்டாப்பில் எழுந்து அவளுக்கு வழி விட்டு நின்றான். அவள் எழவில்லை.

"நீ எறங்கு பீமு. ஒனக்கு நேரமாவுது."

"நீ?"

"சாயந்தரம் இங்கியே நில்லு. ஒன்னாதான் வூட்டுக்குப் போவணும். நான் தனியா வந்தா அத்த கேக்கும்."

"அண்ணி, எங்க போற? யாரப் பாக்கப் போற?"

கண்டக்டர் விசில் அடித்தார். பின்னால் நின்றவர்கள் நெருக்கித் தள்ளினார்கள். ரோட்டில் இறங்கிய பிறகும் அவன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி ஓடினான். "யாரயும் இல்ல. சாயந்தரம் வரிக்கும் எங்கனா குந்தினு இருக்கேன்" என்றாள் மதி. பஸ் காத்திவாக்கம் பக்கமாகப் போயிற்று.

"இன்னா சும்மா சார்!" டிரெய்லரிலிருந்து ஒரு டிரைவர் கத்தினான். "ரோட்ல நின்னுகினு கீற? உள்ள சர்வரு நல்லா ஓடுதா?"

பீம்ராவ் திரும்பவில்லை. தூரத்தில் பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் கை இன்னும் தெரிந்தது. மணிக்கட்டில் பேண்டேஜ் சுற்றியபடியே இருந்தது. அதை அவிழ்த்து ஒளித்து வைக்க வேண்டிய கேட் எதுவும் இன்றைக்கு அவளுக்கு இல்லை.